லேண்ட்லைனை ஐபி போன்களோடு இணைப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளாக ஒரே லேண்ட்லைன் எண்ணை வைத்திருக்கும் அலுவலகங்களும் கிளினிக்குகளும் பள்ளிகளும் நம் ஊர்களில் ஏராளம். பெயர்ப்பலகையில், பில் புத்தகத்தில், வாடிக்கையாளர்களின் நினைவில் எல்லாம் அந்த எண்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வரும் அழைப்பை வரவேற்பு மேஜையில் இருப்பவர் மட்டும்தான் எடுக்க முடிகிறது. மாடியில் உட்கார்ந்திருப்பவர் தன் ஐபி போனிலோ (கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) செல்போன் ஆப்பிலோ அதே அழைப்பை எடுக்க வேண்டும், அதே எண்ணிலிருந்து வெளியே பேசவும் வேண்டும் என்றால், தொலைபேசி வலையையும் இணைய நெறிமுறையில் ஓடும் குரலையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் உட்காரும் கருவிக்குப் பெயர் கேட்வே.

வயர்களை மாட்டி, பெல் அடிக்க வைப்பது அரை நாள் வேலை. அழைப்பு முடிந்துவிட்டது என்பதை, அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் கணினியான சர்வருக்குச் சரியாகப் புரிய வைப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. லைன் அடிக்கடி எங்கேஜ்டாகவே கிடக்கிறது என்ற புகாருக்கு முதல் காரணமும் இதுதான். அதனால் அந்தப் பகுதியில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கப் போகிறேன்.

முதலில் சட்டம்

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது. இணையத்திலிருந்து நம் நாட்டு லேண்ட்லைனுக்கும் செல்போனுக்கும் அழைக்கும் வசதி, தொலைபேசி உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக 2018-ல்தான் தெளிவாகத் திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ சேவையை அறிவித்தது.

உங்கள் பெயரில் உள்ள லைனை, உங்கள் கட்டடத்துக்குள், உங்கள் ஊழியர்களுக்காக ஒரு இன்டர்காம் சர்வரில் சேர்ப்பது பழைய ஈபிஏபிஎக்ஸ் இன்டர்காம் பெட்டி செய்த அதே வேலைதான். ஆனால் வெளிநாட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ இணையம் வழியாக வரும் மற்றவர்களின் அழைப்பை உங்கள் லைனிலோ சிம்மிலோ இறக்கிவிடுவது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச். சிம் பாக்ஸ் (பல சிம்களைச் செருகி இப்படி அழைப்பை இறக்கும் பெட்டி) வைத்திருந்தவர்கள் கைது என்று செய்தி வருவது இதற்காகத்தான். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொலைபேசி சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘லைனை வாடகைக்குக் கொடுங்கள், மாதம் பணம் தருகிறோம்’ என்று யார் வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வழிகாட்டி கட்டடத்துக்குள் நடக்கும் இணைப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் எக்ஸ்டென்ஷன் கொடுக்க வேண்டுமென்றால், லைன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

எந்த வழி உங்களுக்கு?

ஒன்று முதல் நான்கு சாதாரண லேண்ட்லைன் இருந்தால் எஃப்எக்ஸ்ஓ கேட்வே (லேண்ட்லைன் வயரைச் செருகும் ஓட்டையுள்ள கேட்வே) போதும். பெரிய அலுவலகங்களில் பிஆர்ஐ என்ற இணைப்பு இருக்கும். அதன் வேகம் நொடிக்கு 2.048 மெகாபிட், ஒரே சமயத்தில் 30 பேர் பேசலாம். அதற்குத் தனி கேட்வே உண்டு. அது டிஜிட்டல் இணைப்பு என்பதால், கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி அதில் கிடையாது. மூன்றாவது எஸ்ஐபி டிரங்க். எஸ்ஐபி என்பது இணையத்தில் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் நெறிமுறை, டிரங்க் என்பது சர்வரை வெளியோடு சேர்க்கும் இணைப்பு. இதில் தொலைபேசி நிறுவனமே தன் வலைக்கும் இணைய நெறிமுறைக்கும் நடுவிலுள்ள வேலையைச் செய்துவிட்டு, எண்களை நேரடியாக உங்கள் சர்வருக்கு அனுப்பும்.

என் கருத்தைச் சொல்கிறேன். பழைய எண் முக்கியமில்லை என்றால் தயங்காமல் எஸ்ஐபி டிரங்க் வாங்குங்கள். எண் முக்கியம் என்றால் கேட்வே. வளரும் அலுவலகமாக இருந்தால், பழைய எண்ணுக்கு வரும் அழைப்புக்குக் கேட்வே, வெளியே போகும் அழைப்புக்கு டிரங்க் என்று இரண்டையும் ஒரே சர்வரில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே எடுத்துக்காட்டாக ஒரு லேண்ட்லைன், கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813 கேட்வே, சர்வராக ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இன்டர்காம் மென்பொருள் ஓடும் ஒரு பழைய டெஸ்க்டாப் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஃப்ரீபிபிஎக்ஸ் 17, டெபியன் 12 என்ற லினக்ஸ் மேல் நிறுவப்படுவது. அதன் உள்ளே வேலை செய்வது ஆஸ்டெரிஸ்க், 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய திறமூல மென்பொருள். இரண்டு மூன்று அழைப்புகளுக்கு மிகச் சாதாரணமான கணினியே தாராளம்.

எந்த ஓட்டையில் எந்த வயர்

எச்டி813-ல் தொலைபேசி வயர் செருக இரண்டு ஓட்டைகள் உண்டு. ‘போன்’ என்று எழுதியிருப்பது எஃப்எக்ஸ்எஸ். அது மின்னழுத்தமும் டயல் டோனும் கொடுக்கும் பக்கம். ‘லைன்’ என்று எழுதியிருப்பது எஃப்எக்ஸ்ஓ. அது ஒரு சாதாரண போனைப் போல எக்ஸ்சேஞ்சிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பக்கம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் நேர் மின்னழுத்தம் இருக்கும், பெல் அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கும் மேல் மாறு மின்னழுத்தம் ஏறலாம். அந்த வயரை ‘போன்’ ஓட்டையில் செருகிவிட்டால், கொடுக்கும் பக்கங்கள் இரண்டும் நேருக்கு நேர் மோதி அந்த ஓட்டையின் உள்பகுதி கருகிப்போக வாய்ப்பு அதிகம். செருகும் முன் எழுத்தை இரண்டு தடவை படியுங்கள்.

லைனைக் கேட்வேயில் மாட்டும் முன் ஒரு சாதாரண போனை மாட்டிக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் முதலில் லைன்மேனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். வயரில் உள்ள கோளாறை எந்த செட்டிங்கும் தீர்க்காது. அதே செப்புக் கம்பியில் பிராட்பேண்டும் வந்தால், ஸ்ப்ளிட்டரின் (குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி) போன் பக்கத்திலிருந்துதான் கேட்வேக்கு வயர் வர வேண்டும். ஃபைபர் இணைப்பு என்றால், சுவரில் உள்ள ஃபைபர் மோடத்தின் போன் ஓட்டையிலிருந்து கேட்வேயின் ‘லைன்’ ஓட்டைக்கு வயர் போகும். அங்கே டயல் டோனைத் தருவது தெருமுனை எக்ஸ்சேஞ்ச் அல்ல, அந்த மோடம்தான். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

கேட்வேயின் முகவரி தெரியவில்லையா? ‘போன்’ ஓட்டையில் ஒரு சாதாரண போனை மாட்டி மூன்று முறை நட்சத்திரக் குறியை அழுத்துங்கள், பிறகு 02. ஐபி முகவரியை அதுவே வாசித்துச் சொல்லும். ரூட்டரில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். சர்வருக்கும் அப்படியே. முகவரி மாறினால் இணைப்பு முழுவதும் அறுந்துபோகும்.

உள்ளே வரும் அழைப்பு

எப்போதும் உள்ளே வரும் அழைப்பை முதலில் முடியுங்கள். அது நிலையாக ஓடிய பிறகே வெளியே போகும் அழைப்பைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் தவறு எங்கே என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

ஃப்ரீபிபிஎக்ஸில் முதலில் இரண்டு எக்ஸ்டென்ஷன்களை உருவாக்குங்கள், 101, 102 என்று. ஆஸ்டெரிஸ்கில் எஸ்ஐபியைக் கையாளும் பகுதியாக பிஜேசிப் வகையையே தேர்ந்தெடுங்கள். பழைய சான்சிப் ஆஸ்டெரிஸ்க் 21 பதிப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஒன்றை ஐபி போனிலும் மற்றதை செல்போன் ஆப்பிலும் பதிவு செய்து, இருவரும் ஒருவரையொருவர் அழைத்துப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாவிட்டால் லேண்ட்லைனை இன்னும் தொடாதீர்கள்.

அப்புறம் கனெக்டிவிட்டி மெனுவில் டிரங்க்ஸ் போய், கேட்வேக்காக ஒரு பிஜேசிப் டிரங்க் சேருங்கள். இரண்டும் ஒரே அறையில், நிரந்தர முகவரியோடு இருப்பதால் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், அந்த இடத்தில் ‘நன்’ (எதுவும் இல்லை) என்று வைத்தால் போதும். முகவரி கேட்வேயுடையது, போர்ட் (அந்த முகவரியில் உள்ள வாசல் எண்) 5062. எச்டி813-ல் போன் பக்கம் 5060-லும் லைன் பக்கம் 5062-லும் கேட்கும். இதைக் கவனிக்காமல் 5060 என்று போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் முறை) ‘ஏ-லா’ ஒன்றை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள். நம் நாட்டுத் தொலைபேசி வலை பயன்படுத்துவது அதைத்தான். நொடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக எழுதினால் 64 கிலோபிட். 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) என்று அனுப்பும்போது, தலைப்புத் தகவலும் சேர்ந்து ஒரு திசைக்கு 80 கிலோபிட்டைத் தாண்டும். அலுவலக நெட்வொர்க்குக்கு இது ஒன்றுமே இல்லை. இங்கே குரலைச் சுருக்கி மிச்சம் பிடிக்க எந்தக் காரணமும் கிடையாது.

இப்போது கேட்வேயின் அடிப்படை செட்டிங் பக்கத்தில், வரும் அழைப்பை நிபந்தனையின்றி ஐபி பக்கம் திருப்பும் பகுதி இருக்கும். யூசர் ஐடியில் உங்கள் லேண்ட்லைன் எண்ணையே எழுதுங்கள், சர்வரில் ஃப்ரீபிபிஎக்ஸ் முகவரி, போர்ட் 5060. ஃப்ரீபிபிஎக்ஸின் இன்பவுண்ட் ரூட்ஸில் அதே எண்ணைக் கொடுத்து, அது 101-க்கோ ஒரு ரிங் குரூப்புக்கோ (சேர்ந்து அடிக்கும் சில போன்கள்) போக வேண்டும் என்று சொல்லுங்கள். செல்போனிலிருந்து லேண்ட்லைனை அழையுங்கள். ஐபி போன் அடிக்க வேண்டும்.

அழைத்தவர் எண் தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். நம் நாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பலவும் அழைப்பவர் எண்ணை முதல் பெல்லுக்கு முன்பே, பட்டன் அழுத்தும் அதே டிடிஎம்எஃப் ஒலியாக அனுப்புகின்றன. அமெரிக்காவில் முதல் பெல்லுக்கும் இரண்டாவது பெல்லுக்கும் நடுவே வேறு முறையில் வரும். கேட்வே அமெரிக்க முறையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் எண் வந்த நேரத்தில் அது கேட்காது. ஆஸ்டெரிஸ்கின் அனலாக் கார்டு கோப்பில் இந்தியாவுக்கென்றே தனி விருப்பம் ஒன்று இருக்கிறது என்பதே இந்த வித்தியாசம் எவ்வளவு பழையது என்று காட்டும். கேட்வேயில் காலர் ஐடி முறையை டிடிஎம்எஃப் என்று மாற்றிப் பாருங்கள். ஃபைபர் மோடம் என்றால் அது வேறு முறையில் அனுப்பலாம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அழைத்துப் பார்ப்பதுதான் வழி.

வைத்துவிட்டார் என்று எப்படித் தெரியும்?

இணையப் பக்கத்தில் அழைப்பு முடிந்தால் ‘முடிந்தது’ என்று ஒரு செய்தி வெளிப்படையாகப் போகும். லேண்ட்லைனில் அப்படி எந்தச் செய்தியும் இல்லை. அழைத்தவர் போனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் ஒரு பீப் பீப் ஒலியைப் போடும், அவ்வளவுதான். மனிதர் கேட்டால் ரிசீவரை வைத்துவிடுவார். கேட்வே அந்த ஒலியையும் குரலாக நினைத்துப் பாக்கெட்டாக்கிச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பாக்கெட் வந்துகொண்டிருப்பதால் சர்வருக்கும் சந்தேகம் வராது. அழைப்பு வாய்ஸ்மெயிலுக்குப் போயிருந்தால், நிமிடக்கணக்கில் பீப் ஒலி பதிவாகும். அதுவரை வேறு யார் அழைத்தாலும் எங்கேஜ்டு.

மூன்று விதமாக இதைக் கண்டுபிடிக்கலாம். சில எக்ஸ்சேஞ்சுகள் அழைப்பு முடிந்ததும் லைன் மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தும். சில லைனின் துருவத்தைத் திருப்பும். இரண்டும் நம்பகமானவை. கேட்வேயில் ‘கரன்ட் டிஸ்கனெக்ட்’, ‘போலாரிட்டி ரிவர்சல்’ என்று இருக்கும். ஆனால் உங்கள் எக்ஸ்சேஞ்ச் அப்படிச் செய்யாதபோது இவற்றை ஆன் செய்தால், லைனில் வரும் சிறு தடங்கலுக்கெல்லாம் பேச்சு நடுவில் அறுந்துபோகலாம்.

மூன்றாவது ஒலியை வைத்துக் கண்டுபிடிப்பது. பெரும்பாலும் நமக்கு வாய்ப்பது இதுதான். கேட்வே கடையிலிருந்து வரும்போது அதில் இருப்பது அமெரிக்க ஒலி: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். ஆஸ்டெரிஸ்கின் நாடுவாரி ஒலிக் கோப்பில் இந்தியாவுக்கு உள்ளதோ ஒரே ஒரு ஒலி: 400 ஹெர்ட்ஸ், 750 மில்லி நொடி ஒலி, 750 மில்லி நொடி மௌனம். அமெரிக்க ஒலிக்காகக் காத்திருக்கும் கேட்வே நம் ஒலியை நாள் முழுக்கக் கேட்டாலும் லைனை விடாது.

எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்பாமல் உங்கள் லைனை நீங்களே அளந்து பாருங்கள். சாதாரண போனை லைனில் மாட்டுங்கள். செல்போனிலிருந்து அழைத்து, லேண்ட்லைனில் எடுத்து, செல்போன் பக்கம் முதலில் கட் செய்யுங்கள். லேண்ட்லைன் ரிசீவரில் வரும் பீப் ஒலியை இன்னொரு செல்போனில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்தால் ஒலி எவ்வளவு நேரம், மௌனம் எவ்வளவு நேரம் என்பது கண்ணுக்கே தெரியும். அலைவரிசைப் படத்தைப் போட்டால் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதும் தெரியும். ஃபைபர் மோடத்தில் இந்த ஒலியை மோடமே உருவாக்குவதால், பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

அளந்ததைக் கேட்வேயின் ‘பிஎஸ்டிஎன் டிஸ்கனெக்ட் டோன்’ கட்டத்தில் எழுத வேண்டும். நேரத்தை எந்த அலகில் எழுதுவது என்று குழப்பம் வந்தால், ஏற்கெனவே அங்கே இருக்கும் மதிப்பைப் பாருங்கள். அமெரிக்க ஒலி அரை நொடி. அது 500 என்று எழுதப்பட்டிருந்தால் மில்லி நொடிக் கணக்கு, நீங்கள் 750 என்று எழுதலாம். 50 என்று இருந்தால் 75 என்று எழுத வேண்டும். சேமித்து, கேட்வேயை மறுபடி இயக்கி, சோதியுங்கள். அழைத்தவர் வைத்ததும் சில நொடிகளில் ஐபி போனும் தானாக வைத்துவிட வேண்டும்.

பெண்களின் உச்சக் குரலையோ பின்னணி இசையையோ பீப் என்று நினைத்துக் கேட்வே அழைப்பை அறுத்துவிடுவதும் உண்டு. அப்படி நடந்தால் ஒலி எத்தனை முறை திரும்ப வந்த பிறகு துண்டிக்க வேண்டும் என்ற அளவை, இருந்தால், கூட்டுங்கள். காப்பாக வாய்ஸ்மெயில் பதிவுக்கு ஒரு நிமிட வரம்பு வையுங்கள்.

வெளியே போகும் அழைப்பு

கேட்வேயில் ‘ஸ்டேஜ் மெத்தட்’ 1 என்று வையுங்கள். அப்போதுதான் ஐபி போனில் அழுத்திய முழு எண்ணையும் கேட்வே தானே லைனில் டயல் செய்யும். 2 என்றால் உங்களுக்கு லைனின் டயல் டோன் கேட்டு, மறுபடியும் எண் அழுத்த வேண்டியிருக்கும்.

ஃப்ரீபிபிஎக்ஸின் அவுட்பவுண்ட் ரூட்டில் எண்களின் அமைப்பைச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அழைக்க முன்னால் 0 கட்டாயம். வெளியூர் லேண்ட்லைனுக்கும் 0 உண்டு. எனவே 0, அடுத்து 1 முதல் 9-க்குள் ஒரு இலக்கம், அதற்கு அடுத்து ஒன்பது இலக்கங்கள் என்று ஒரு வரி. உள்ளூர் எண்ணுக்கு ஒரு வரி, சென்னையில் எட்டு இலக்கம், கோவையில் ஏழு. செல்போன் ஆப்பிலிருந்து அழைப்பவர்களின் தொடர்புப் பட்டியலில் +91 என்று இருக்கும். அதை வெட்டி 0 சேர்க்க ஒரு வரி. 112, 108 போன்ற அவசர எண்கள் எந்த முன்னொட்டும் இல்லாமல் போக வேண்டும், அதற்கு ஒரு வரி. 00-ல் தொடங்கும் வெளிநாட்டு எண்ணுக்கு வரியே எழுதாதீர்கள். தேவையிருந்தால் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு, பின் எண்ணோடு.

இன்னொரு சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண லைனில் எதிராளி எடுத்தாரா என்பதும் தெரியாது. டயல் செய்து முடித்ததுமே கேட்வே ‘எடுத்தாயிற்று’ என்று சர்வரிடம் சொல்லிவிடும். இதனால் ரிங் குரூப்பில் முதலாளியின் செல்போன் எண்ணையும் இந்த லைன் வழியாகச் சேர்த்தால், டயல் ஆன மறுகணமே மற்ற போன்கள் எல்லாம் அடிப்பதை நிறுத்திவிடும். எடுக்கும்போது துருவம் திருப்பும் வசதி உங்கள் லைனில் இல்லையென்றால், அப்படிச் சேர்க்காதீர்கள். அழைப்புப் பதிவேட்டில் காட்டும் பேச்சு நேரமும் பில்லோடு பொருந்தாது. மேலும் இருப்பது ஒரே லைன் என்பதால், வெளி அழைப்புக்கு டிரங்கில் அதிகபட்சம் 1 சேனல் (ஒரே நேரத்தில் ஓர் அழைப்பு) என்று வரம்பு போடுங்கள்.

எதிரொலியும் பட்டன் ஒலியும்

ஐபி போனில் பேசுபவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்டால், காரணம் லேண்ட்லைன் பக்கத்தில் இருக்கிறது. செப்புக் கம்பியில் போகும் குரலும் வரும் குரலும் ஒரே ஜோடி வயரில்தான். கேட்வே அவற்றைப் பிரிக்கும்போது கொஞ்சம் கசிந்து திரும்பும். பழைய போனிலும் இந்தக் கசிவு இருந்தது. ஆனால் உடனே திரும்பியதால் தொல்லையாகத் தெரியவில்லை. இப்போது பாக்கெட்டாக்கவும் காத்திருக்கவும் பல மில்லி நொடிகள் ஆவதால் தனியாகக் கேட்கிறது. கேட்வேயில் ‘ஏசி டெர்மினேஷன்’ என்ற இடத்தில் நாடு என்று தேர்ந்தெடுத்து இந்தியாவை வையுங்கள். பெரும்பாலும் பாதி குறைந்துவிடும். மீதிக்கு ஒலி அளவைச் சற்றுக் குறையுங்கள். சத்தம் போதவில்லை என்று அளவைக் கூட்டியதால் எதிரொலி வந்த இடங்களே அதிகம்.

வங்கி அழைப்பில் ‘தமிழுக்கு 1’ என்றால் 1 அழுத்தியும் வேலை செய்யாவிட்டால், போன், சர்வர், கேட்வே மூன்றிலும் டிடிஎம்எஃப் முறை ஆர்எஃப்சி 2833 அல்லது 4733 என்று ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள்.

எஸ்ஐபி டிரங்க் வாங்கினால்

மேலே சொன்ன துண்டிப்புத் தொல்லையும் எதிரொலித் தொல்லையும் பெரும்பாலும் மறைந்துவிடும். பதிலாக நெட்வொர்க் தொல்லை வரும். மிகப் பொதுவானது ஒருபக்கக் குரல்: நாம் பேசுவது கேட்கிறது, அவர் பேசுவது கேட்கவில்லை. எஸ்ஐபி செய்திக்குள் ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். சர்வர் அங்கே தன் 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை எழுதிவிட்டால், நிறுவனத்தின் பக்கத்திலிருந்து குரல் வந்து சேர வழியே இல்லை. ஃப்ரீபிபிஎக்ஸின் எஸ்ஐபி செட்டிங்ஸில் வெளி முகவரியையும் உள் நெட்வொர்க்கையும் சரியாக நிரப்புங்கள். ரூட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதாகச் சொல்லிக்கொண்டு அது செய்திகளைக் குலைப்பதே வழக்கம்.

நிறுவனத்திடம் முதல் நாளே கேட்க வேண்டியவை: எத்தனை சேனல், ரெஜிஸ்டர் செய்ய வேண்டுமா அல்லது ஐபி முகவரியை வைத்து அடையாளம் காண்பார்களா, எண்ணை +91 சேர்த்தா, 0 சேர்த்தா, பத்து இலக்கமாகவா அனுப்ப வேண்டும். உங்களுக்கு ஒதுக்காத எண்ணை அழைப்பவர் எண்ணாக அனுப்பினால் அழைப்பு மறுக்கப்படும்.

பூட்டு

சர்வரின் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால், கடவுச்சொல்லைத் தேடும் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே வந்து முட்டத் தொடங்கும். உள்ளே நுழைந்தால் இரவோடு இரவாக வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போகும், பில் உங்களுக்கு வரும். கேட்வே மட்டும் வைத்திருப்பவர்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. டிரங்க் வைத்திருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள். 101-க்கு 101 என்று கடவுச்சொல் வைக்காதீர்கள். கேட்வேயின் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றுங்கள். லைன் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி எஸ்டிடிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று ஐஎஸ்டியை நிறுத்திவைப்பது இன்னும் நல்லது.

கரன்ட் போனால்

செப்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்ததால், கரன்ட் போனாலும் பழைய போன் பேசியது. இப்போது ரூட்டர், ஸ்விட்ச், சர்வர், கேட்வே நான்கும் உயிரோடு இருந்தால்தான் 112-க்குக் கூட அழைக்க முடியும். நான்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தையும் அதிலேயே. எச்டி813-ல் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: அதற்கு மின்சாரம் நின்றதும் ‘லைன்’ ஓட்டையும் ‘போன்’ ஓட்டையும் உள்ளேயே நேராகச் சேர்ந்துகொள்ளும். ‘போன்’ ஓட்டையில் ஒரு சாதாரண போனை மாட்டி வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டால் எல்லாம் அணைந்தாலும் ஒரு போன் பேசும்.

இதைச் சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். கேட்வேயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செல்போனிலிருந்து லேண்ட்லைனை அழையுங்கள். மேஜையில் உள்ள போன் அடிக்க வேண்டும். எடுத்துப் பேசி, கட் செய்து, பிளக்கை மாட்டி, சில நிமிடம் கழித்து மறுபடி அழைத்தால் ஐபி போன் அடிக்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் கேட்வேயிலும் ஃப்ரீபிபிஎக்ஸிலும் பேக்கப் எடுத்து வேறொரு கணினியில் வைத்துவிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு அழைப்புப் பதிவேட்டைத் திறந்து, வழக்கத்துக்கு மாறாக நீளமான அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பீப் ஒலியை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.